பணியிடத்தில் குணமறிதலும் குரல் கேட்டலும்

உடுமலைப்பேட்டையிலிருந்து மூணாறுக்குச் செல்லும் மலைச்சாலையில் தமிழ்நாட்டு எல்லையைக் கடந்து, சின்னாறு வனவிலங்குச் சரணாலயத்தின் வழியே மேலேறினால் மறையூர் வந்து சேரும். மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைமறைவுப் பக்கத்தில் அமைந்த இவ்வூர் கேரளத்தின் இடுக்கி மாவட்டம், தேவிகுளம் வட்டத்தைச் சேர்ந்தது. இயற்கையாக வளரும் சந்தன மரக்காடுகளுக்கும், 2019-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்ற உருண்டை வெல்லத்துக்கும் இவ்வூர் பெயர் பெற்றது.

இங்குள்ள பணியிடங்கள் பல வகையின. சந்தனக் காட்டைக் காக்கும் வனத்துறை அலுவலகங்கள், சந்தனக் கிடங்கு, கரும்புச் சாறு காய்ச்சும் கொட்டகைகள், ஊராட்சி அலுவலகம், வங்கிகள், பள்ளிகள், மருத்துவமனைகள் என்று அவற்றைப் பட்டியலிடலாம். இவற்றில் பணிபுரிவோரின் பேச்சும் ஒருவகைப்பட்டதன்று. அலுவலக மொழி மலையாளம். ஊர் மக்களில் பெரும்பகுதியினரின் வீட்டு மொழி தமிழ். மலைக்குடிகளில் வாழும் முதுவர்களுக்குத் தமிழோடு நெருங்கிய உறவுடைய தனிப்பேச்சு உண்டு.

நெருங்கிய மொழிகளுக்கிடையே நேரும் குழப்பம், தொலைதூர மொழிகளுக்கிடையே நேர்வதைவிடக் கண்டுபிடிக்க அரியது. தமிழர் ‘வெள்ளம்’ என்றால் பெருக்கெடுத்து வரும் நீர். மலையாளிக்கு அது குடிக்கும் நீர். ‘அவசரம்’ என்பது தமிழில் விரைவைக் குறிக்கும். மலையாளத்தில் வாய்ப்பைக் குறிக்கும். ‘சர்க்கரை’ என்ற ஒரே சொல் ஒருவருக்கு வெள்ளைச் சீனியாகவும், மற்றவருக்கு வெல்லமாகவும் தோன்றும். இருவரும் புரிந்துகொண்டதாகவே எண்ணிப் பிரிவர். புரியவில்லை என்பது பின்னர், வேலை கெட்ட பிறகே தெரியவரும்.

சொற்களில் நேரும் இக்குழப்பம் மனிதர்களின் இயல்பிலும் நேர்கிறது. ஒருவர் சுருக்கமாகப் பேசுவதை மற்றவர் அலட்சியம் என்று கொள்கிறார். ஒருவர் விரிவாகச் சொல்வதை மற்றவர் வீண்பேச்சு என்று கருதுகிறார். இத்தகைய இயல்பு வேறுபாடுகளை வினாத்தாள்களின் வாயிலாக அறிந்து, பணியிடத்துக் கருத்துப் பரிமாற்றத்தைச் சீர்படுத்தலாம் என்பது இன்று உலகெங்கும் பரவியுள்ள ஒரு முயற்சியாகும். நம் நாட்டிலும் பயிற்சி நிலையங்கள் பலவற்றில் இது இடம்பெற்றுள்ளது. 2020-ஆம் ஆண்டு செப்டம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்த ‘மிஷன் கர்மயோகி’ திட்டம், அரசு ஊழியரின் துறைசார் அறிவோடு நடத்தைசார் திறன்களையும் வளர்க்க வேண்டும் என்ற நோக்கத்தைக் கொண்டது. ஆகவே இம்மதிப்பீடுகள் யாவை, அவற்றால் என்ன ஆகும், என்ன ஆகாது என்பதை அறிந்துகொள்வது அவசியமாகிறது.

மதிப்பீடுகளின் வரலாறு

சுவிட்சர்லாந்து நாட்டு உளவியல் அறிஞர் கார்ல் யுங், மனித உள்ளத்தின் வகைகளைப் பற்றிய தமது நூலை 1921-ஆம் ஆண்டில் வெளியிட்டார். அகமுக நாட்டம், புறமுக நாட்டம் என்ற பாகுபாடு அதன்வழியே பரவியது. அதனை அடிப்படையாகக் கொண்டு அமெரிக்காவில் கேத்தரின் பிரிக்ஸ் என்ற அம்மையாரும் அவருடைய மகள் இசபெல் பிரிக்ஸ் மையர்ஸும் ஒரு வினாத்தாளை உருவாக்கினர். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் தொடங்கிய அம்முயற்சி 1962-ஆம் ஆண்டில் அச்சேறியது. நான்கு இணைகளாக அமைந்த எட்டு இயல்புகளிலிருந்து பதினாறு வகை மனிதரை அது பிரித்துக் காட்டுகிறது. மையர்ஸ்–பிரிக்ஸ் என்ற பெயரால் வழங்கும் மதிப்பீடு இதுவே.

வில்லியம் மௌல்டன் மார்ஸ்டன் என்பவர் 1928-ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் மனித நடத்தையை நான்கு பாங்குகளாக வகுத்தார். அவர் வினாத்தாள் எதையும் அமைக்கவில்லை. பின்வந்தோர் அவருடைய கருத்தைக் கொண்டு ‘டிஸ்க்’ என்னும் மதிப்பீட்டை அமைத்தனர். ஆணையிடுபவர், ஆர்வமூட்டுபவர், நிதானமாக உடன்வருபவர், நுணுகிப் பார்ப்பவர் என்று அந்நால்வகையைத் தமிழில் சொல்லலாம்.

ஆராய்ச்சியாளர்களிடையே இன்று பெரிதும் ஏற்கப்படுவது ‘ஐந்து பெருங்கூறுகள்’ என்னும் அளவைமுறையாகும். புதுமை நாட்டம், கடமையுணர்வு, புறமுக நாட்டம், இணக்கம், மனக்கலக்கம் என்ற ஐந்திலும் ஒவ்வொருவரும் எவ்வளவு உடையவர் என்பதை அது அளக்கிறது. மனிதரை வகைகளாகப் பிரிக்காமல் அளவுகளாகக் காட்டுவதே இதன் சிறப்பு.

இந்தியாவில் பணியாளர் மேம்பாட்டுத் துறைக்கு அடித்தளம் இட்டவர்களுள் உதய் பரீக், டி.வி. ராவ் ஆகிய இருவரும் குறிப்பிடத்தக்கவர்கள். 1970-களின் நடுவில் லார்சன் அண்ட் டூப்ரோ நிறுவனத்தில் மனிதவள மேம்பாட்டு அமைப்பை உருவாக்குவதற்கு அவர்கள் ஆலோசனை வழங்கினர். மேல்நாட்டு வினாத்தாள்களை அப்படியே கையாளாமல், இந்தியப் பணியிடங்களுக்கு ஏற்றவற்றை அமைக்கும் பணியிலும் பரீக் ஈடுபட்டார்.

ஓர் எடுத்துக்காட்டு

இம்மதிப்பீடுகளால் விளையும் நன்மையைக் காண ஒரு காட்சியைக் கற்பனையில் அமைத்துப் பார்ப்போம். இது எந்த ஓர் அலுவலகத்தையும் குறிப்பதன்று.

சந்தனக் காட்டை ஒட்டிய ஒரு வன அலுவலகம். மாசி மாதம், புல் காய்ந்து கிடக்கிறது. இரவு ரோந்து சென்று திரும்பிய வாட்சர் ஒருவர் அலுவலர் முன் நிற்கிறார். தினக்கூலியில் பணிபுரியும் அவர், எந்த ஓடை வழியாகச் சென்றோம், யார் உடன் வந்தார், நாய் எங்கே குரைத்தது என்று நடந்தது நடந்தபடி சொல்லத் தொடங்குகிறார். அலுவலருக்கோ பத்துக் கோப்புகள் காத்திருக்கின்றன. ‘‘மரம் போயிற்றா, இல்லையா?’’ என்று கேட்கிறார். ‘‘இல்லை சார்’’ என்கிறார் வாட்சர். உண்மைதான், மரம் போகவில்லை. ஆனால் ஓடைக்கு அப்பால் வெளியாள் சிலர் அமர்ந்திருந்த தடத்தையும், ஒரு மரத்தின் அடியில் புதிதாகக் கொத்திய வடுவையும் அவர் கண்டிருந்தார். கதை அவ்விடத்தை அடையுமுன் பேச்சு முடிந்துவிட்டது. அடுத்த வாரம் அந்த மரம் போய்விடுகிறது.

இங்கே குற்றவாளி என்று எவருமில்லை. அலுவலர் முடிவை முதலில் கேட்கும் இயல்பினர். வாட்சர் நிகழ்ச்சியை முதலில் சொல்லும் இயல்பினர். ஒரு நாள் பயிற்சியில் இருவரும் தத்தம் பாங்கினை அறிந்துகொண்டிருந்தால் எளிய ஏற்பாடு ஒன்றைச் செய்துகொண்டிருக்க முடியும். ‘சந்தேகப்படும்படி ஏதேனும் உண்டா?’ என்ற கேள்விக்கு முதலில் ஒரே சொல்லில் விடை. பிறகு மூன்று நிமிடம் குறுக்கீடின்றி வாட்சர் பேசுவது. இறுதியில் அலுவலர் தாம் கேட்டதைத் திருப்பிச் சொல்வது. இவ்வளவே. ஆளுமை மதிப்பீட்டின் உண்மையான பயன் இத்தகைய ஏற்பாடுகளுக்கு வழி திறப்பதில் இருக்கிறது. ‘அவர் அறிவற்றவர்’ என்ற எண்ணத்தை ‘அவர் வேறு வரிசையில் சொல்பவர்’ என்று மாற்றுவதே அதன் முதற்பயன்.

எச்சரிக்கைகள்

இப்பயனை ஏற்றுக்கொள்ளும்போதே, இக்கருவியின் குறைகளையும் அறிந்திருத்தல் வேண்டும்.

முதலாவது குறை, மனிதரை எளிதில் நம்பவைக்கும் அதன் ஆற்றல். அமெரிக்க உளவியல் பேராசிரியர் பெர்ட்ரம் ஃபோரர் 1948-ஆம் ஆண்டில் தம் மாணவர் 39 பேருக்கு ஒரு மதிப்பீட்டை நடத்தி, ஒரு வாரம் கழித்து ஒவ்வொருவருக்கும் அவரவர் குணவிவரம் என்று ஒரு தாளைத் தந்தார். அது எவ்வளவு பொருத்தம் என்று ஐந்துக்கு மதிப்பெண் இடச் சொன்னார். சராசரி மதிப்பெண் 4.26. உண்மையில் எல்லோருக்கும் தரப்பட்டது ஒரே வாசகம். அதுவும் பெரும்பாலும் ஒரு சோதிட நூலிலிருந்து எடுக்கப்பட்டது. ‘எனக்கு அப்படியே பொருந்துகிறது’ என்று பயிற்சியாளர்கள் வியப்பது கருவியின் நம்பகத்துக்குச் சான்றாகாது என்பதை இது உணர்த்துகிறது.

இரண்டாவது, வகைப்பாட்டின் கடுமை. மனித இயல்புகள் பெரும்பாலும் நடுவில் குவிந்தும் ஓரங்களில் குறைந்தும் காணப்படுவன. நடுவில் நிற்கும் ஒருவரை ஓர் எண்ணால் இப்பக்கமும், இன்னோர் எண்ணால் அப்பக்கமும் தள்ளிவிடும் முறை நிலையானதன்று. மையர்ஸ்–பிரிக்ஸ் மதிப்பீட்டைச் சில வாரங்கள் கழித்து மீண்டும் எழுதுவோரில் கணிசமானோர் வேறு வகையில் அடங்குவதாக ஆய்வுகள் காட்டியுள்ளன. பணிக்கு ஆள் தேர்வு செய்வதற்கு அதனைப் பயன்படுத்தலாகாது என்று அதனை வழங்கும் அமைப்பினரே கூறுகின்றனர்.

மூன்றாவது, பண்பாட்டு வேறுபாடு. கல்லூரிப் படிப்புடைய நகரத்தாரைக் கொண்டு உருவான அளவைகள் எல்லா மக்களுக்கும் பொருந்துமா என்ற வினா நீண்ட காலமாக உண்டு. தென் அமெரிக்காவின் பொலிவியா நாட்டுக் காடுகளில் வேட்டையும் வேளாண்மையும் செய்து வாழும் சிமானே மக்களிடம் நடத்தப்பட்ட ஓர் ஆய்வு 2013-ஆம் ஆண்டில் வெளியாயிற்று. ஐந்து பெருங்கூறுகள் அம்மக்களிடம் எதிர்பார்த்தபடி தனித்தனியே புலப்படவில்லை என்று அது கண்டது. மறையூர் மலைக்குடி ஒன்றிலிருந்து வரும் வாட்சருக்கோ, கரும்பு வெட்டும் தொழிலாளிக்கோ ஆங்கில வினாத்தாளின் மொழிபெயர்ப்பைத் தருமுன் இதனை நினைவிற்கொள்ள வேண்டும். ‘விருந்துகளில் புதியவர்களிடம் பேச விரும்புவீர்களா?’ என்ற கேள்விக்கு, அத்தகைய விருந்தே இல்லாத வாழ்க்கையில் என்ன விடை கூற முடியும்?

மூணாறு தரும் பாடம்

நான்காவது குறையே இவற்றுள் பெரியது. பணியிடத்தில் ஒருவர் பேசாதிருப்பதற்கு அவருடைய இயல்பே காரணம் என்று நாம் எண்ணத் தொடங்கிவிடுகிறோம். இது எவ்வளவு தவறான எண்ணம் என்பதை மறையூரிலிருந்து சுமார் 40 கிலோமீட்டர் தொலைவில் உள்ள மூணாற்றில் 2015-ஆம் ஆண்டில் நடந்த நிகழ்ச்சி காட்டிற்று.

மூணாற்றுத் தேயிலைத் தோட்டங்களில் பெரும்பகுதி, 2005-ஆம் ஆண்டில் டாட்டா டீ நிறுவனத்திடமிருந்து கண்ணன் தேவன் ஹில்ஸ் பிளாண்டேஷன்ஸ் என்ற புதிய நிறுவனத்துக்கு மாறியது. அதன் பங்குகளில் பெரும்பகுதியைத் தொழிலாளரும் ஊழியருமே வாங்கியிருந்தனர். தொழிலாளரே உரிமையாளராகும் இவ்வேற்பாடு நாடெங்கும் கவனத்தை ஈர்த்தது. பலகாலம் வேரூன்றிய தொழிற்சங்கங்களும் அங்கு இருந்தன. அமைப்பு முறையில் பார்த்தால், தொழிலாளியின் சொல் மேலே செல்வதற்கு வழிகள் போதுமான அளவு இருந்தன எனலாம்.

எனினும் 2015-ஆம் ஆண்டில், முந்தைய ஆண்டு 19 சதவீதமாக இருந்த போனஸ் 10 சதவீதமாகக் குறைக்கப்பட்டபோது, கொழுந்து பறிக்கும் பெண் தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் மூணாறு நகரச் சாலைகளில் அமர்ந்தனர். பல தலைமுறைகளுக்கு முன் மலையேறிய தமிழ்க் குடும்பங்களைச் சேர்ந்தவர்களே அவர்களில் பெரும்பாலோர். நிர்வாகத்தை மட்டுமன்றித் தொழிற்சங்கத் தலைவர்களையும் அவர்கள் தம் போராட்டத்தில் அண்டவிடவில்லை. தங்கள் பெயரால் பேசுவோர் தங்களுக்காகப் பேசவில்லை என்பதே அவர்களுடைய குறை. ‘பெம்பிளை ஒருமை’ என்ற பெயர் இவ்வாறே எழுந்தது. மாநில அரசு தலையிட்டு நடத்திய பேச்சில், 8.33 சதவீதம் போனஸ், 11.67 சதவீதம் கருணைத்தொகை என 20 சதவீதம் தருவதென்று அவ்வாண்டு செப்டம்பர் 13-ஆம் நாள் உடன்பாடு ஏற்பட்டது. நாட்கூலி 232 ரூபாயிலிருந்து 301 ரூபாயாக உயர்வதற்கான முடிவு அடுத்த மாதம் எட்டப்பட்டது.

இதனை இரு தரப்பாரில் எவர் சரி, எவர் தவறு என்று தீர்ப்பளிக்கும் நோக்கத்தில் இங்குக் கூறவில்லை. நம் பாடத்துக்கு வேண்டியது ஒன்றே. அச்சாலையில் அமர்வதற்கு ஒரு மாதத்துக்கு முன் அப்பெண்களிடம் ஆளுமை மதிப்பீடு ஒன்று நடத்தப்பட்டிருந்தால் என்ன விடை கிடைத்திருக்கும்? தேயிலை எடை போடும் இடத்தில் மேற்பார்வையாளர் முன் அமைதியாக நின்றவர்களை ‘நிதானமாக உடன்வருபவர்’, ‘அகமுக நாட்டமுடையவர்’ என்றே வினாத்தாள் வகுத்திருக்கக்கூடும். அவர்களே பல நாட்கள் சாலையில் அமர்ந்து, அமைச்சர்களிடமும் செய்தியாளர்களிடமும் தங்கள் வழக்கைத் தாங்களே எடுத்துரைத்தனர். அமைதி அவர்களுடைய குணமாக இருக்கவில்லை. பேசினால் கேட்பார் இல்லை என்ற அனுபவமாக இருந்தது.

குணத்துக்கும் நிலைமைக்கும் உள்ள இவ்வேறுபாட்டை மறந்தால், ஆளுமை மதிப்பீடு நன்மைக்குப் பதிலாகத் தீமையே செய்யும். கூலி குறைவு என்று சொல்பவர் ‘எதிர்ப்பு மனப்பான்மையினர்’ ஆகிவிடுவார். அஞ்சிப் பேசாதவர் ‘இணக்கமானவர்’ ஆகிவிடுவார். நிர்வாகம் தன்னைத் திருத்திக்கொள்ள வேண்டிய இடத்தில் ஊழியரின் இயல்பைத் திருத்த முற்படும். முன்னர்க் கண்ட வாட்சருக்கும் இது பொருந்தும். அவர் மேற்கொண்டு பேசாமல் விட்டதற்கு அவருடைய பாங்கு பாதிக் காரணமென்றால், தினக்கூலி என்ற நிலையும், அலுவலரின் மொழி தன் மொழியன்று என்ற கூச்சமும் மறுபாதிக் காரணங்கள் ஆகலாம்.

நடைமுறைக்குச் சில வழிகள்

பத்துப் பதினைந்து பேர் பணிபுரியும் ஓர் அலுவலகத்திலோ, கூட்டுறவுச் சங்கத்திலோ, தொழிற்கூடத்திலோ இதனைக் கையாள விரும்புவோர் கீழ்க்காணும் வழிகளைப் பின்பற்றலாம்.

1. அலுவலரே முதலில் தம்மை மதிப்பிட்டுக்கொள்ள வேண்டும். தம் குறையைக் கூட்டத்தில் அவரே சொன்னால்தான் மற்றவர் வாய் திறப்பர். ‘நான் குறுக்கிட்டுப் பேசுபவன், அவ்வாறு செய்தால் கை உயர்த்துங்கள்’ என்று ஓர் அதிகாரி சொல்வது, வினாத்தாள்கள் பலவற்றைவிடப் பயன் தரும்.

2. மதிப்பீடு ஊழியரின் மொழியில், இயன்றவரை வாய்மொழியாக நடத்தப்பட வேண்டும். குறைகளைத் தெரிவிக்கும் விண்ணப்பத்தை ஒன்றியத்திலோ மாநிலத்திலோ வழங்கும் எம்மொழியிலும் அளிக்கும் உரிமையை அரசியலமைப்பின் 350-ஆம் பிரிவு தந்துள்ளது. தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தம் மொழியில் அரசுடன் தொடர்புகொள்ளக் கேரள ஆட்சிமொழிச் சட்டமும் 1969-ஆம் ஆண்டிலேயே இடமளித்துள்ளது. எழுத்துக்குத் தரப்பட்ட இம்மதிப்பு பேச்சுக்கும் கிடைக்க வேண்டும்.

3. மனிதரைப் பற்றிக் கேட்காமல் வேலையைப் பற்றிக் கேட்க வேண்டும். ‘நீங்கள் எத்தகையவர்?’ என்பதைவிட, ‘கெட்ட செய்தியை எப்போது, எப்படிச் சொல்ல விரும்புகிறீர்கள்?’, ‘கட்டளையை எழுத்தில் பெற விரும்புகிறீர்களா, நேரில் கேட்க விரும்புகிறீர்களா?’, ‘தவறு நேர்ந்தால் யாரிடம் முதலில் சொல்வீர்கள்?’ என்பன போன்ற வினாக்கள் எவருக்கும் விளங்கும். விடையும் உடனே பயன்படும்.

4. முடிவுகள் பணிப்பதிவேட்டில் இடம்பெறலாகாது. பதவி உயர்வு, இடமாற்றம், தண்டனை ஆகியவற்றுக்கு அவை ஆதாரமாகக் கூடாது. பங்கேற்பதும் ஊழியரின் விருப்பத்தைப் பொறுத்ததாக இருக்க வேண்டும்.

5. வினாத்தாள் இல்லாமலும் தொடங்கலாம். ஜோசப் லுஃப்ட், ஹாரிங்டன் இங்கம் என்ற இருவர் 1955-ஆம் ஆண்டில் அறிமுகப்படுத்திய ‘ஜோஹரி சாளரம்’ இதற்கு உதவும். நானும் பிறரும் அறிந்தது, நான் அறிந்து பிறர் அறியாதது, பிறர் அறிந்து நான் அறியாதது, இருவருமே அறியாதது என்று நான்கு கட்டங்களைக் கரும்பலகையில் வரைந்தால் போதும். மூன்றாம் கட்டத்தைப் பற்றித் தம் கீழ் பணிபுரிவோரிடம் கேட்கும் துணிவு அலுவலருக்கு வேண்டும்.

6. ஒவ்வோர் அமர்வும் குறைந்தது ஓர் ஏற்பாட்டு மாற்றத்தில் முடிய வேண்டும். வாராந்தரக் கூட்டத்தில் கடைநிலை ஊழியர் முதலில் பேசுவது, கட்டளையைப் பெற்றவர் அதனைத் தம் சொல்லில் திருப்பிச் சொல்வது, அறிவிப்புகளைத் தமிழிலும் மலையாளத்திலும் ஒட்டுவது போன்றவை சிறு மாற்றங்களே. ஆயினும் நிலைத்து நிற்பவை. மூன்று மாதம் கழித்து, அம்மாற்றம் நடைமுறையில் உள்ளதா என்று பார்க்க வேண்டும்.

முடிவுரை

திருக்குறளில் குறிப்பறிதல் என்ற பெயருடைய அதிகாரங்கள் இரண்டு. அவற்றுள் பொருட்பாலில் உள்ளது அமைச்சியலில் அமைந்திருக்கிறது. அரசன் வாய்திறவாமலே அவனது உள்ளத்தை அமைச்சன் அறிய வேண்டும் என்பது அதன் கருத்து. கீழிருப்பவர் மேலிருப்பவரின் குறிப்பை அறிவது அக்கால ஆட்சிமுறைக்குத் தேவையாயிருந்தது. நம் அலுவலகங்களில் இந்தக் கலை இன்றும் குறைவின்றி விளங்குகிறது. மேலதிகாரியின் மனநிலையைக் கடைநிலை ஊழியர் காலை வணக்கத்திலேயே அறிந்துகொள்கிறார். மக்களாட்சியில் வளரவேண்டியது இதன் மறுபாதி. மேலிருப்பவர் கீழிருப்பவரின் குறிப்பை அறிதல் வேண்டும்.

அதற்கு ஆளுமை மதிப்பீடு ஒரு கைவிளக்கு. விளக்கைப் பிடிப்பவர் அதனைத் தம் முகத்தின்மேல் முதலில் திருப்பிக்கொண்டால் வழி தெரியும். எதிரிலிருப்பவரின் கண்ணில் மட்டும் பாய்ச்சினால் அவர் தலை குனிவாரே அன்றிப் பேசமாட்டார். காட்டிலிருந்து இரவுப் பணி முடித்துத் திரும்பும் வாட்சருக்கு ஓர் இருக்கையும், அவருடைய மொழியில் மூன்று நிமிடமும் தருவதற்கு அரசாணை எதுவும் தேவையில்லை. சந்தன மரத்தைக் காக்கும் செலவுகளில் இதைவிடக் குறைந்தது வேறொன்று இருக்க முடியாது.